பீரோவுக்குப் பின்னால் இருந்தவள்

இதில் எதையும் நான் கண்ணால் பார்க்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான், நான் ஒன்றைச் சொன்னால் அது அச்சில் வந்ததுபோல நம்புகிறவர்கள் எனக்கு இருக்கிறார்கள், அந்தப் பயம் எனக்கு எப்போதும் உண்டு. எனக்குச் சொன்னவர், நான் பெண்கள் விடுதியில் சேர்ந்த வருடம் என் அறையைக் காலி செய்துகொண்டு போன கோமளவல்லி அக்கா. அவருக்குச் சொன்னவர், அதற்கும் முன்னால் அந்த விடுதியில் மெஸ் செயலாளராக இருந்த பவுனு. பவுனு ஒரு பிடி புளிக்கும் கணக்குக் கேட்கிறவர், இல்லாததைச் சேர்த்துச் சொல்ல மாட்டார் என்றார் கோமளவல்லி அக்கா. கோமளவல்லி அக்கா கொஞ்சம் சேர்த்துச் சொல்கிறவர்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பல்கலைக்கழகம் காவிரி மெலிந்துபோய்க் கடலைத் தேடுகிற கடைமடைப் பக்கத்தில் இருக்கிறது. அதன் பெண்கள் விடுதியில் படிப்பு அறை என்று ஒரு நீள அறை, அந்த அறையின் ஒரு சுவர் முழுக்கத் துணியில் வரைந்து சட்டம் போட்ட ஒரு ஓவியம், விடுதி திறந்த காலத்தில் அங்கே ஓவியம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஒருவர் தன் கையால் வரைந்து கொடுத்துவிட்டுப் போனது. சேற்று வயலில் குனிந்து நாற்று நடுகிற பெண்கள், வேறு ஒன்றும் இல்லை. முகம் ஒன்றுகூடத் தெரியாது, முதுகும் கொண்டையும் முழங்கால் வரை ஏற்றிச் செருகிய சேலையும்தான், வானத்துக்குக்கூட அவர் இடம் விடவில்லை. அந்தப் படத்தின் வலது ஓரத்தை மறைத்துக்கொண்டு ஓர் இரும்பு பீரோ நின்றது. அது தேர்வுப் பிரிவின் பீரோ என்பதால் விடுதி அதைத் தொடக் கூடாது, அது நிற்கிற இடம் விடுதியின் இடம் என்பதால் தேர்வுப் பிரிவு உள்ளே வந்து அதை எடுக்கக் கூடாது, ஆகவே ஒவ்வொரு வார்டனும் அதை நகர்த்தச் சொல்லி எழுதினார்கள், ஒவ்வொரு கடிதமும் சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று பதில் வந்தது, பீரோ நின்றது, அதன் சாவி எங்கே என்று தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள்.

பிறகு விடுதியின் கூரை ஒழுக ஆரம்பித்தது. மழைக்காலத்தில் மாடியில் இருந்த பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே வந்தார்கள், அடுத்த மழைக்குக் கீழேயும் ஒழுகியது, காரை பெயர்ந்து பருப்பு அண்டாவில் விழுந்தது. வந்து பார்த்த பொறியாளர், கூரையைப் பிரித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் விடுதியை மூடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சம்பளமே தவணையில் கொடுத்துக்கொண்டிருந்த பல்கலைக்கழகம் யோசித்து யோசித்து, கடைசியில் தன்னிடம் இருந்த ஓவியங்களை விற்பது என்று முடிவு செய்தது. செனட் மண்டபத்தில் தலைப்பாகையோடு முறைத்துக்கொண்டிருந்த மிராசுதார்களின் படங்களை யாரும் கேட்கவில்லை. படிப்பு அறையின் நடவுப் படத்தைத்தான், சென்னையில் சொந்தமாக ஓவியக்கூடம் கட்டிக்கொண்டிருந்த ஒரு பணக்காரர் கேட்டார். அவருக்கு அனுப்பப் புகைப்படம் எடுக்க வந்த அலுவலக ஊழியர் பீரோவைப் பார்த்தார், அதை நகர்த்துவதற்கு ஆணை வேண்டும் என்பதை நினைத்தார், பீரோவுக்கு இந்தப் பக்கம் தெரிந்ததை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போனார். அந்தப் புகைப்படத்தில் ஆறு பெண்கள் இருந்தார்கள்.

ஓவியத்தை இறக்குவதற்குச் சென்னையிலிருந்து வந்த ஆட்களுக்கு எந்தப் பிரிவையும் தெரியாது. நாலு பேராகப் பிடித்து பீரோவை இழுத்துத் தள்ளினார்கள். மத்தியானம் சாப்பாடு முடிந்து பெண்கள் சிலர் மேஜையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்த நேரம். பீரோ நகர்ந்ததும் சன்னல் வெளிச்சம் படத்தின் வலது ஓரத்தில் விழுந்தது, அங்கே நட்டுக்கொண்டிருந்த ஏழாவது பெண் சேற்றிலிருந்து வலது காலை உருவி மொசைக் தரையில் வைத்தாள், பிறகு இடது காலை உருவி வைத்தாள், கையில் ஒரு நாற்றுமுடி இருந்தது, குனிந்தபடியே நின்றாள்.

"ஓரமா நில்லும்மா" என்றார் மூட்டை கட்டுகிறவர். "சட்டம் கால்ல விழுந்துடப் போவுது."

அவள் ஓரமாக நின்றாள். அவர்கள் படத்தைப் போர்வையில் சுற்றிப் பலகை அடித்து, மதிப்பீட்டாளர் வந்து ஆய்வு முடிகிறவரை இருக்கட்டும் என்று செனட் மண்டபத்துக்குத் தூக்கிப் போனார்கள். வார்டன் அருள்ஜோதி மேடம் வந்து அவளையும் தரையில் இருந்த சேற்றையும் பார்த்தார்.

"இது யாரு வீட்டு ஆளு?"

பவுனு எழுந்து வந்து, "நம்ம வீட்டு ஆளுதான் மேடம்" என்றார்.

அவள் பெயர் காத்தாயி. நிமிர முடியவில்லை. உடற்கல்வி படித்த பெண்கள் இரண்டு பேர் தினமும் காலையில் சுவரோடு அவளை நிறுத்தி, இடுப்பில் தவிட்டு ஒத்தடம் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினார்கள். முழுக்க நிமிர்ந்த அன்று துணி காயப்போடுகிற மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனார்கள். அவள் வானத்தைப் பார்த்தாள், கொடிக் கம்பத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"இது எங்க முடியுது?"

"முடியாதுக்கா."

"சட்டமே இல்லியா?" என்று கேட்டுவிட்டு, கம்பத்தை விடாமலே, "சரி, பழகிக்கிறேன்" என்றாள்.

விடுதியும் அவளைப் பழகிக்கொண்டது. அவள் கால் காயவே காயாது, எங்கே நடந்தாலும் ஈரத் தடம் விழும், கூட்டுகிற சகாயமேரி அதைத் திட்டிக்கொண்டே துடைத்தார், துடைத்த வாளியில் ஒரு வாரத்தில் அல்லி முளைத்ததும் திட்டுவதை நிறுத்திவிட்டு வாளியை வெயிலில் வைத்தார். அவளுக்குக் கொடுத்த நைட்டியைத் துவைத்தால் பச்சைச் சாயம் இறங்கி, கூடப் போட்ட எல்லாருடைய துணியும் இளம் பச்சையானது, அந்த வருடத்துப் பெண்களைப் பல்கலைக்கழகத்தில் எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும் என்பார்கள். விருந்தினர் என்றுதான் அவளுக்கு மெஸ்ஸில் சீட்டு போட முடிந்தது, விருந்தினர் ஒரு வாரத்துக்கு மேல் தங்கக் கூடாது, ஆகவே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காத்தாயி எல்லாரிடமும் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வாசலுக்கு வெளியே போய், எதிர்க் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, புதிய விருந்தினராக உள்ளே வருவாள், வாங்க வாங்க என்று வார்டனே எழுந்து நிற்பார். அவள் கையோடு கொண்டுவந்த நாற்றுமுடியைச் சமையல்கட்டுத் தண்ணீர் ஓடுகிற இடத்தில் நட்டாள். அது விளைந்து, குத்தி, ஒரு வேளைச் சோறாகப் பொங்கியபோது லேசாக ஓவியச் சாய எண்ணெய் வாசம் அடித்தது, எல்லாரும் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள் என்று பவுனு சொன்னாராம். இது கோமளவல்லி அக்கா சேர்த்ததாகவும் இருக்கலாம்.

அவளிடம் வேறொன்று இருந்தது. அத்தனை வருடமும் பெண்கள் அந்த அறையில் உரக்கப் படித்து மனப்பாடம் செய்ததெல்லாம் அவளுக்குப் பாடம். ஒருநாள் பொருளியல் படிக்கிற பெண் ஒரு வரியில் முட்டிக்கொண்டு நிற்க, பாத்திரம் கவிழ்த்துக்கொண்டிருந்த காத்தாயி, "பிற காரணிகள் மாறாதிருக்கையில், ஒரு பண்டத்தின் விலை உயர்ந்தால் அதன் தேவை குறையும்" என்று முடித்துவைத்தாள். மின்னியல் விதிகள் தெரியும், இந்து வாரிசுச் சட்டத்தில் மகளுக்கு என்ன பங்கு என்பது தெரியும், எந்தப் பெண் யாருக்குக் கடிதம் எழுதி யாரிடம் வாசித்துக் காட்டினாள் என்பதும் தெரியும், அதைச் சொல்லாமல் இருக்க அவளுக்குச் சாயங்கால டீ கொடுக்கப்பட்டது. ஆனால் எழுத்து தெரியாது.

"எல்லாம் முதுவால கேட்டதுதானே பாப்பா" என்றாள் பவுனிடம். "பின்னாடி இத்தனை புத்தவம் கெடக்கு, ஒரு எழுத்து எப்புடி இருக்கும்னு திரும்பிப் பாக்க விட்டாரா அந்த வாத்தியாரு? எனக்கு அந்த நாற்காலியில உக்காந்து படிக்கணும். ஒங்கள மாதிரி பரிச்ச எழுதணும். அதுக்குத்தான் வந்தேன்."

எழுத்து சொல்லிக்கொடுப்பது மெஸ் வேலைபோல முறை வைத்து நடந்தது. நாற்று நடுகிற விரல் என்பதால் பென்சிலை மூன்று விரலால் செங்குத்தாகப் பிடித்து, காகிதத்தில் ஊன்றுவதுபோல எழுதினாள், எழுதிவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தாள், நாற்காலியில் உட்காரவைத்த பிறகு நாற்காலியோடு நகர்ந்தாள். பள்ளிக்கூடம் போகாதவர்கள் நேராகச் சேர்வதற்குப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்விப் பிரிவில் ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. அதற்கு அவள் பெயரைக் கொடுத்தார்கள். வயதுக்குச் சான்று கேட்டார் அங்கிருந்த எழுத்தர். படத்தின் மூலையில் ஓவியர் தேதி போட்டிருக்கிறார் என்றார் பவுனு. அந்தத் தேதியில் பிறந்தவரா, அந்தத் தேதியிலேயே முப்பது வயதா என்று எழுத்தர் நெடுநேரம் குழம்பி, எப்படிப் பார்த்தாலும் பதினெட்டு தாண்டிவிட்டது என்று ஒப்புக்கொண்டார்.

தேர்வு வருவதற்குச் சில நாள் முன்னால் சென்னையிலிருந்து மதிப்பீட்டாளர் காதர் மொய்தீன் வந்தார். புகைப்படத்தில் காட்டி விற்ற படமும் இங்கே இருக்கிற படமும் ஒன்றுதான் என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் வரும், பணம் வந்தால்தான் கூரை. செனட் மண்டபத்தில் பலகையைப் பிரித்தார். தன்னிடம் இருந்த புகைப்படத்தில் ஆறு பெண்களை எண்ணினார், படத்தில் ஆறு பெண்களை எண்ணினார், வலது ஓரத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு வெறும் சேறு கிடப்பதைப் பார்த்தார், படத்தைத் திருப்பினார். பின்பக்கம் ஓவியர் தன் கையெழுத்தில் "நடவு: ஏழு பேர்" என்று எழுதியிருந்தார்.

"நாளைக்குப் பார்த்துட்டு முடிவு சொல்றேன்" என்றார்.

அன்று சாயங்காலம் பதிவாளர் சந்தானகோபாலன் தானே விடுதிக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை என்று பவுனே சொன்னாராம். படிப்பு அறையில் எல்லாரும் சுற்றி நிற்க, காத்தாயியின் முன்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, கூரைக்கு எனக்கு வேற வழி தெரியல. நீங்க திரும்பிப் போயிட்டா..."

"சார், நீங்க வித்தது ஆறு பேரை" என்றார் பவுனு. "இவங்க போட்டோவுலயே இல்ல. விக்காத ஆளை எப்படி சார் அனுப்புவீங்க?"

"பின்னாடி ஏழுன்னு எழுதியிருக்கும்மா."

"பீரோவை எடுங்க எடுங்கன்னு எத்தனை வார்டன் எழுதினாங்க. அப்பவே எடுத்திருந்தா போட்டோவுல ஏழும் விழுந்திருக்கும்."

"அப்பவே எடுத்திருந்தா இவங்க அப்பவே எறங்கி வந்திருப்பாங்க" என்றார் பதிவாளர், சோர்வாக.

காத்தாயி கேட்டாள்: "கூரை போடலேன்னா இதுங்கல்லாம் ஊருக்குப் போவணுமா?"

"போகணும்."

"போனா திரும்ப வருமா?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நான் வர மாட்டேன்" என்றாள் ஒருத்தி. "எங்கப்பா மாப்பிள்ளை பாத்து வெச்சிட்டு, லீவு எப்பன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு."

"ஒன்னக் கட்டிக்க அந்தப் பையன் என்னடி பாவம் பண்ணான்" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, ஏனென்றால் அங்கே நின்ற பாதிப் பேருக்கு ஊரில் அதே கதைதான்.

"அப்ப நான் போறேன்" என்றாள் காத்தாயி. "எனக்குக் குனியத் தெரியும். இதுங்களுக்குத் தெரியாது."

பவுனு அழுதார். மெஸ் செயலாளர் அழுது விடுதியில் யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் காத்தாயி நைட்டியை மடித்து வைத்துவிட்டுத் தன் சேலையைக் கட்டி முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகினாள். சகாயமேரி முன்னால் நடந்து வழி விலக்கிக்கொடுக்க, வெளிறிய பச்சைத் துணியில் பெண்கள் எல்லாரும் பின்னால் நடக்க, வேப்ப மரங்களுக்கு நடுவில் தார்ச் சாலையில் அவளுடைய ஈரத் தடத்தை மிதிக்காமல் இரண்டு பக்கமும் விலகி, கல்யாண ஊர்வலமும் இல்லாமல் சாவு ஊர்வலமும் இல்லாமல் ஒரு கூட்டம் செனட் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வாசலில் காவலாளி என்ன விஷயம் என்று கேட்டார். ஆள் திரும்பிப் போகிறது என்றார்கள். செருப்பை வெளியே விடுங்கள் என்றார்.

படம் சுவரில் சாய்ந்து நின்றது. காத்தாயி அதற்கு முன்னால் போய்க் குனிந்தாள், நிமிர்த்திய இடுப்பு மறுபடி மடங்குவதைப் பார்க்க முடியாமல் உடற்கல்விப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அவள் வலது காலைத் தூக்கித் தன் இடத்தில் வைத்தாள். கால்விரல் துணியில் இடித்தது. மறுபடி வைத்தாள். மறுபடி இடித்தது. அப்போதுதான் எல்லாரும் பார்த்தார்கள். முந்தின நாள் வெறும் சேறாகக் கிடந்த வலது ஓரத்தில் ஆறாவது பெண் நின்று நட்டுக்கொண்டிருந்தாள், அவள் பக்கமாக ஐந்தாவது பெண் நகர்ந்திருந்தாள், இப்படி ஒவ்வொருத்தியும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி, இந்தச் சட்டத்திலிருந்து அந்தச் சட்டம் வரை ஆறு பேரும் பரவி நின்றார்கள், நடுவில் ஒரு குழந்தை நுழைகிற இடம்கூட இல்லை.

"குஞ்சம்மாக்கா" என்றாள் காத்தாயி, ஓரத்தில் நின்றவளின் முதுகைத் தொட்டு. "என் எடம் இது. கொஞ்சம் தள்ளிக்க."

குஞ்சம்மா நகரவில்லை.

"பணம் வராதாம்க்கா. பொண்ணுவோ எல்லாம் ஊருக்குப் போயிடும். வெளையாடாத, தள்ளு."

ஆறு பேரில் ஒருத்தியும் நிமிரவில்லை, ஒருத்தியும் திரும்பவில்லை. காத்தாயி அந்த முதுகின்மேல் கையை வைத்தபடியே நின்றாள், அவள் கன்னத்தில் ஒரு பக்கம் நிறம் கரைந்து வழிந்தது, இத்தனை நாளில் அவள் அழுதது அது ஒருமுறைதான்.

காதர் மொய்தீன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். தன் கையில் இருந்த புகைப்படத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து எண்ணினார்.

"போட்டோவுல ஆறு" என்றார். "படத்துல ஆறு. எடமும் மிச்சம் இல்ல."

பதிவாளர் தயங்கித் தயங்கி, "சார், நேத்து ஓரத்துல கொஞ்சம்..." என்றார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் உண்மை பேசுகிற நேரம் தெரியாதவர் என்று பவுனு சொன்னாராம்.

"நேத்து வெளிச்சம் சரியில்ல."

"பின்னாடி ஏழுன்னு..."

"வரையறவங்க ஏழு பேரை மனசுல வெச்சுப்பாங்க, ஆறு பேரோட நிறுத்திடுவாங்க. நான் மனசுக்கெல்லாம் மதிப்புப் போடறதில்ல சார்." கையெழுத்துப் போட்டுவிட்டு, காத்தாயியின் பக்கம் திரும்பி, "நீங்க யாரும்மா, விடுதியில வேலை பாக்கறீங்களா?" என்றார்.

"இல்லீங்க" என்றாள் காத்தாயி. முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "பரிச்சைக்குப் படிக்கிறேன்."

கூரை போட்டார்கள். காத்தாயி தேர்வு எழுதினாள், கண்காணிக்க வந்தவர் அவள் காலடியில் தண்ணீரைப் பார்த்துக் குழாய் ஒழுகுகிறதா என்று தேடினார், வேறு தொந்தரவு இல்லை. தேர்ச்சி பெற்று, தொலைநிலைக் கல்வியிலேயே இளங்கலை முடித்து, பட்டமளிப்பு அன்று கறுப்பு அங்கியில் பச்சைக் கறையோடு விடுதிக்கு வந்து எல்லாருக்கும் இலை போட்டுப் பரிமாறிவிட்டு, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை போய்வருகிறேன் என்று சொல்லி வாசலுக்கு வெளியே போனாள். எதிர்க் கடையில் டீ குடித்தாள். அதன் பிறகு பேருந்து ஏறினாள். திருவாரூர்ப் பக்கம் ஏதோ ஒரு நூலகத்தில் வேலை பார்ப்பதாகப் பவுனு கேள்விப்பட்டாராம். நான் இரண்டு நூலகங்களில் விசாரித்தேன், அப்படி யாரும் இல்லை என்றார்கள். மூன்றாவதில், தெரியாது என்று சொன்னவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

நான் அந்தக் கூரைக்குக் கீழே மூன்று வருடம் இருந்தேன். வெளியே பேய்மழை பெய்த நாள்களிலும் என் புத்தகத்தின் மேல் ஒரு சொட்டு விழுந்ததில்லை. அம்மா தொலைபேசியில் ஒழுகுகிறதா, ஒழுகுகிறதா என்று கேட்பார், ஏனென்றால் எங்கள் வீடு ஒழுகும். இல்லை என்று சொல்வேன், சரி படி என்று வைத்துவிடுவார். அந்தப் படத்தை விற்றது தப்பு என்று இப்போது பலர் எழுதுகிறார்கள். பல்கலைக்கழகங்கள் ஓவியங்களை விற்கக் கூடாது என்பதற்கு அவர்கள் சொல்கிற காரணங்கள் எல்லாம் எனக்கும் சரியாகத்தான் படுகின்றன, அந்த அறையின் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு படித்தவள் நான், அங்கே ஏதோ இல்லை என்பது தெரியும். ஆனாலும் எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. நன்றி என்று யாரிடம் சொல்வது என்றுதான் தெரியாமல் இருந்தது.

வேலை கிடைத்த பிறகு, போன சித்திரையில், சென்னையில் அந்த ஓவியக்கூடத்துக்குப் போனேன். போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்துகொண்டேன். விடுதியின் வெள்ளிவிழா மலரில், பீரோ வருவதற்கு முன்னால் எடுத்த வண்ணப் புகைப்படம் ஒன்று இருக்கிறது. நடவு தெரிந்தவர்களுக்குத் தெரியும், நடுகிறவர்கள் பின்னால் பின்னால் நகர்ந்துகொண்டே போவார்கள், ஒவ்வொருத்திக்கும் எதிரே அவள் நட்ட பங்கு நீளும். ஒரு பங்குக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஓவியர் ஒரு விரல் அகலம் தண்ணீரைத் தெரியவிட்டிருக்கிறார், அதனால் பங்குகளைத் தனித்தனியாக எண்ண முடியும். அந்தப் பழைய படத்தில் வலது ஓரத்தில் ஏழாவது பெண் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருக்கிறாள், அவளுடைய பங்கு பாதிக்கு மேல் வெறும் சேறு.

அந்தப் பக்கத்தைக் கைபேசியில் எடுத்துக்கொண்டு போய், ஓவியத்தின் முன்னால் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். காவலுக்கு இருந்தவர் என்ன எண்ணுறீங்க மேடம் என்று கேட்கிறவரை எண்ணினேன். நடுகிறவர்கள் ஆறு பேர். நட்டிருந்தது ஏழு பங்கு, ஏழும் முழுசாக.